தாம்பூலப் பையில் ஒரு செடி

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இன்று எனக்கு ஒரு பெரிய ஆர்டர் கிடைத்தது. கொடுத்தவள் என் நாத்தனார் மகள். ஆகவே இதை வியாபார வெற்றி என்று எழுதுவதா, குடும்பப் பாசம் என்று எழுதுவதா என்று சற்று யோசித்தேன். வியாபார வெற்றி என்றே எழுதுகிறேன். நாட்குறிப்பு என்னுடையது.

அபிநயாவுக்கு அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி கல்யாணம். வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் தேங்காய் வேண்டாம், செடி கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டாள். அதுவும் சக்குலென்ட் செடி. பச்சைச் சதையில் ரோஜாப்பூ செய்து வைத்தது போல, உள்ளங்கைக்குள் அடங்கி உட்கார்ந்திருக்கும். என் மொட்டைமாடியில் பச்சை வலைக்கு அடியில் இருநூற்றெண்பது தொட்டி இருக்கிறது. கல்யாணத்துக்கு வேண்டியது இருநூற்றைம்பது. தாய்மாமன் சீரோடு சேர்ந்து இதுவும் வரட்டும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். பேச்சு அதோடு முடிந்தது.

முடிந்திருக்கும், தெய்வானை நங்கையா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால். நங்கையா என்று நாங்கள் கூப்பிடுவது என் வீட்டுக்காரரின் அக்காவை. கல்யாணப் பெண்ணின் அம்மா. கோயமுத்தூர் கணபதியில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் வீடு. நான் இங்கே தும்மினால் அங்கே அவருக்குக் கேட்கும்.

"கத்தாழைக் குட்டியக் குடுத்தனுப்புனா ஊரு சிரிக்காதா? எவர்சில்வர் சம்புடம் குடுத்தா பத்து வருசத்துக்கு நம்ம பேரைச் சொல்லும்."

"அம்மா, சம்புடம் எல்லார் வீட்லயும் நாப்பது கெடக்குது. மூடியத்தான் காணோம்" என்றாள் அபிநயா.

"அதுக்கில்ல கண்ணு. உங்க அத்தை ஆரம்பிச்ச சோலி எதாச்சும் கரை சேந்திருக்குதா? சோப்புக் காச்சுனா, நொரையே வல்லை. முருங்கைப் பொடி பண்ணுனா, வண்டு வந்துருச்சு. கேக்கு சுட்டு நாய்க்குப் போட்டா, அது இந்தத் தெருப் பக்கமே அப்பறம் வல்லை."

அந்த நாயின் சொந்தக்காரர்கள் வீடு மாறிப் போனார்கள், நாயும் கூடவே போயிற்று. இதை எத்தனை முறைதான் சொல்வது?

கடைசியில் தீர்ப்பு இப்படி ஆயிற்று: செப்டம்பர் எட்டாம் தேதி நங்கையா மாடியேறி வந்து பார்ப்பார். இலையெல்லாம் நிறம் மாறாமல் இருந்தால் செடி. இல்லையென்றால் அன்று சாயந்திரமே சம்புடத்துக்குச் சொல்லிவிடுவார். "வாடுன செடியக் கல்யாணத்துல குடுத்தா புள்ளைக்கு ஆகாது" என்று சொன்னபோது மட்டும் அவர் குரலில் கிண்டல் இல்லை.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இதிலும் கவிழ்ந்தால், இனி நடக்கிற காதுகுத்து, கல்யாணம், எழவு எல்லாவற்றிலும் நாயோடு சேர்த்துச் செடியையும் சொல்லுவார்கள்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

காலையில் ஒரு செடியின் அடியிலை பழுப்பாகச் சுருண்டு கிடந்தது. நான் போட்ட கத்தலில் என் வீட்டுக்காரர் பாதிச் சவரத்தோடு மாடிக்கு ஓடி வந்தார். பிறகு செல்போனில் தேடிப் பார்த்தேன். அடியிலை காய்வது செடிக்கு வயதாவதன் அடையாளம், அவ்வளவுதான். தொட்டால் அப்பளம் போல நொறுங்கினால் வயசு; கொழகொழவென்று இருந்தால் வியாதி. என் முழங்கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். வயசுதான்.

ஆகஸ்ட் 22, வியாழன்

எல்லாவற்றுக்கும் தண்ணீர் விட்டேன். இனிப் பத்து நாளைக்குத் தொடக் கூடாது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

எட்டாம் தேதி வருகிறேன் என்றவர் இன்றே வந்துவிட்டார். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு." மூச்சு வாங்க மாடியேறி, ஒரு செடியின் மேல் ஆள்காட்டி விரலை இழுத்து, அந்த விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். வெள்ளையாக மாவு.

"என்ன அம்மிணி இது? தூசி கூடத் துடைக்க மாட்டியா? வளக்கறவ கையப் பாத்தாலே தெரிஞ்சுபோகும் போ."

போகும்போது என் சமையலறை ஜன்னல் கம்பியிலும் அதே விரலை இழுத்துவிட்டுத்தான் போனார்.

ஆகஸ்ட் 26, திங்கள்

இன்று உருப்படியான வேலை நடந்தது. பழைய வேட்டியைக் கிழித்துக்கொண்டு, ஒவ்வொரு இலையாக, குழந்தைக்கு முகம் துடைப்பது போலத் துடைத்தேன். எத்தனை தூசி! கணபதியில் இரும்பு உருக்குகிற பவுண்டரிகளின் புகையெல்லாம் என் செடி மேல்தான் படிந்திருக்கிறது. துடைத்த பிறகும் மினுமினுப்புப் போதவில்லை. துணியில் தேங்காய் எண்ணெய் இரண்டே சொட்டு விட்டேன். ஆகா, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற பிள்ளையின் தலை மாதிரி பளபளவென்று ஆகிவிட்டது.

அறுபது செடி முடிவதற்குள் இடுப்பு போயிற்று. நடுக்குருத்துக்குள் விரல் நுழையவில்லை, அதை மட்டும் விட்டுவிட்டேன். அறுபதையும் வலைக்கு வெளியே, வெயிலில், தெருவுக்குத் தெரிகிற மாதிரி கைப்பிடிச் சுவரோரம் அடுக்கினேன். நங்கையா கோயிலுக்குப் போகும்போது நிமிர்ந்து பார்க்கட்டும்.

ஆகஸ்ட் 29, வியாழன்

கைப்பிடிச் சுவரோரத்துச் செடிகளில் பழுப்புத் திட்டு. தோசை தீய்ந்த மாதிரி. இத்தனைக்கும் நான் ஒன்றுமே செய்யவில்லை.

எதிர்வீட்டு அம்மா செவ்வாய்க்கிழமை, "என்னக்கா, செடியெல்லாம் இப்பிடி மினுக்குது!" என்று கேட்டாள். கேட்கிற வாயா அது?

ஆகஸ்ட் 30, வெள்ளி

மாடியில் படிகாரம் கட்டினேன். திட்டு பெரிதாகிவிட்டது.

ஆகஸ்ட் 31, சனி

தீய்ந்த செடி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு சத்தி ரோட்டு நர்சரிக்குப் போனேன். நர்சரிக்காரர் ஆரோக்கியசாமி பேசும்போது செடியைத்தான் பார்ப்பார், நம்மைப் பார்க்க மாட்டார். செடியை மூக்கருகே கொண்டுபோனார்.

"இதுக்கு எண்ணெ தடவுனது ஆருங்க?"

"எண்ணெயா? இது எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மாவோட செடிங்க."

"அந்த அம்மா வெள்ளையத் துடைச்சுப்போட்டாங்களா?"

"தூசின்னு நெனச்சுத் துடைச்சிருக்காங்க, பாவம்."

"அது தூசி இல்லைங்க. செடி தானே பூசிக்கற மெழுகு. வெயிலுக்குக் குடையாட்ட. குடையவும் புடுங்கி, எண்ணெயும் தடவி, வெயில்ல நிக்க வெச்சா வடைதான் வேகும்."

"அவங்ககிட்டச் சொல்றேனுங்க."

"துடைச்ச எலைக்கு அந்த மெழுகு மறுபடி வராதுங்க. நடுவுல வர்ற புது எலைக்குத்தான் வரும். நெழலுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்க. தீஞ்ச எலைய மட்டும் பக்கவாட்டுல திருகி எடுக்கச் சொல்லுங்க. அப்பறம் அந்த அம்மா கைய ஒரு மாசத்துக்குக் கட்டிப் போடச் சொல்லுங்க."

"சொல்றேனுங்க."

அப்போதுதான் முதல் தடவையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். "நல்ல அம்மாவாத்தான் தெரியறாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அறுபதையும் வலைக்குள் இழுத்தேன். தீய்ந்த வெளியிலைகளைத் திருகி எடுத்தேன். நடுக்குருத்து வெள்ளைப் பூச்சோடு அப்படியே இருக்கிறது. செடி பாதியாகச் சிறுத்துவிட்டது, ஆனால் உயிரோடு இருக்கிறது. எடுத்த இலைகளில் தீய்ந்ததைக் குப்பையில் போட்டேன். தீயாமல் வந்ததை மணல் தட்டில் பரப்பி வைத்தேன். ஒவ்வோர் இலையும் வேர் விட்டு ஒரு செடியாகுமாம். அந்த அம்மாவைப் பற்றி என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. அவருக்கு எதற்கு ஊர் வம்பு?

செப்டம்பர் 2, திங்கள்

எரிந்து முடிந்தது என்று பார்த்தால் இப்போது அழுகல். மாடிப்படிக்குப் பக்கத்திலுள்ள மூன்று வரிசை, மொத்தம் தொண்ணூறு செடி. எல்லாம் அந்த அம்மா தொடாதவை. அடியிலைகள் மஞ்சளாகி, கண்ணாடி போலத் தெளிந்து, விரல் பட்டதும் பொத்தென்று விழுகின்றன. உள்ளே வெறும் தண்ணீர்.

கேக் வெந்துவிட்டதா என்று பார்ப்போமே, அப்படி ஓர் ஈர்க்குச்சியை மண்ணில் குத்தி எடுத்தேன். சேறு. (என் கேக்கிலும் குச்சி இப்படித்தான் வரும்.) நான் தண்ணீர் விட்டுப் பதினொரு நாள் ஆகிறது. மழையும் இல்லை, நாலு சாரலோடு சரி. மற்ற வரிசைகளில் குச்சி பொடிமண்ணோடு காய்ந்து வருகிறது.

எட்டாம் தேதிக்கு இன்னும் ஆறு நாள்.

செப்டம்பர் 3, செவ்வாய்

என் வீட்டுக்காரர் தங்கவேலு, பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவர். ஒரு நாளைக்கு முப்பது வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. இன்றைய பங்கை எனக்காகத் தாண்டினார்.

"ஏனுங்க, நீங்க எதாச்சும் செடிக்குத் தண்ணி ஊத்துனீங்களா?"

"நான் மாடிக்கே போறதில்ல. எத்தனை வரிசை போச்சு?"

"மூணுங்க."

"ஒட்டுக்காவா, அங்கொன்னு இங்கொன்னா?"

"ஒட்டுக்காத்தானுங்க. படிக்குப் பக்கத்துல."

"அப்பச் செடி மேல சந்தேகப்படாத. வீட்ல ஒரு ரூமுல மட்டும் லைட்டு எரியலைன்னா பல்ப மாத்த மாட்டோம், அந்த ரூமுக்குப் போற ஒயரப் பாப்போம். மூணு வரிசைல மட்டும் ஈரம்னா, எதோ ஒன்னு அந்தப் பக்கமா வருது."

"என்னங்க வருது?"

"படி எங்க இருக்குது?"

அந்தப் படி வெளியே சந்திலிருந்து நேராக மாடிக்கு ஏறுகிறது. வீட்டுக்குள் வராமலே யார் வேண்டுமானாலும் மேலே போகலாம்.

"யாருங்க வருவாங்க?" என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. இன்றைய வார்த்தைகள் தீர்ந்துவிட்டன.

செப்டம்பர் 4, புதன்

படியில் எறும்பு வரிசை. கீழிருந்து மேல்வரை ஏறி, நேரே அந்த மூன்று வரிசைக்குள் நுழைகிறது. மண்ணை எடுத்து முகர்ந்தேன். புளித்த பால் வாடை. ஒரு தொட்டியில் விபூதித் துணுக்கு. இன்னொன்றில் ஓர் அருகம்புல்.

எனக்குப் புரிந்துவிட்டது. யாரோ மந்திரித்து ஊற்றுகிறார்கள். என் செடி அழுகினால் யார் வீட்டுக்குச் சம்புடம் வரும் என்று யோசித்தால் போதும், ஆள் யாரென்று தெரிந்துவிடும். பெயர் எழுத மாட்டேன். பெயர் தெய்வானை.

நாளைக் காலை ஆறு மணிக்குத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்காரப் போகிறேன். கையும் களவுமாகப் பிடித்து, அபிநயா முன்னால், அவர் தம்பி முன்னால், தெரு முன்னால் நிறுத்தப் போகிறேன். என்ன பேச வேண்டும் என்று மூன்று முறை ஒத்திகை பார்த்தாயிற்று. மூன்றாவது முறை நன்றாக வந்தது.

செப்டம்பர் 5, வியாழன்

ஆறு பத்துக்குப் படியில் சத்தம். ஓர் அடி, ஒரு "அப்பா"; மறு அடி, ஒரு "முருகா". ஈரத் தலையும் நெற்றியில் விபூதியுமாக நங்கையா ஏறி வந்தார். கையில் பித்தளைச் சொம்பு. முதல் வரிசைக்கு ஊற்றினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது, மூன்றாவது. அதற்கு மேல் நடக்க முடியாமல் நின்றுகொண்டார். நான் எழுந்திருக்கத் தயாரானேன். அப்போது பேசத் தொடங்கினார், செடியிடம்.

"புள்ளையாரப்பா, இவ தொட்டது ஒன்னும் வெளங்கறதில்லை, அது உனக்கே தெரியும். இது ஒன்னாச்சும் தளதளன்னு வந்துரோணும். என்ற புள்ளை கல்யாணத்துல சனம் இவளப் பாத்துச் சிரிச்சுப்போட்டா எனக்குத் தாங்காது. நான் சிரிப்பேன், அது வேற. நான் சிரிக்கலாம். ஊரு சிரிக்கப்படாது."

குத்துக்காலிட்டு உட்கார்ந்ததில் என் இரண்டு காலும் மரத்துவிட்டன. அதனால்தான் எழுந்திருக்க அத்தனை நேரமாயிற்று. வேறு காரணம் எதுவும் இல்லை. எழுந்தபோது வாளியைத் தட்டிவிட்டேன்.

"ஆரது?"

"நான்தானுங்க நங்கையா."

"தொட்டிக்குப் பொறத்தால ஒளிஞ்சுக்கிட்டு என்ன பண்றே?"

"நீங்க சொம்பை வெச்சுக்கிட்டு என்னங்க பண்றீங்க?"

"அபிசேகத் தீர்த்தம் அம்மிணி. நீ ஆர்டர் வாங்குன மறுநாள்லருந்து தெனமும் ஊத்தறேன். பாலு, பன்னீரு எல்லாம் கலந்தது. முழங்கால் நோவுல மூணு வரிசைக்கு மேல எட்ட முடியறதில்லை. அந்த மூணும் மத்ததுக்குச் சொல்லிக்கும்னு உட்டுட்டேன்."

ஒத்திகை பார்த்தது ஒன்றும் வாயில் வரவில்லை. "இதுக்குப் பத்து நாளைக்கு ஒருக்காத்தானுங்க தண்ணி. அதுவும் பச்சத்தண்ணி மட்டும். தெனமும் பாலு ஊத்துனா வேரு அழுகிப்போகுமுங்க. பாருங்க" என்று ஓர் இலையைத் தொட்டேன். பொத்தென்று விழுந்தது.

அவர் முகம் அந்த இலையைவிட வெளுத்துப்போயிற்று. படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நானே அழுக வெச்சுப்போட்டனா? என்ற புள்ளை கல்யாணச் செடிய?"

இருபத்தாறு வருஷமாக நான் காத்திருந்த இடம் இது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாய்க் கதை ஜன்மத்துக்கும் முடிந்தது. எப்படியோ வேறு வார்த்தை வந்துவிட்டது.

"நான் மட்டும் என்னவாம் நங்கையா? அறுபது செடிக்குத் தேங்காய் எண்ணெ வெச்சுத் தீச்சுப்போட்டேன்."

"தெரியும். மாடியேறுனாலே எண்ணெ வாசம், சிக்கெடுத்துத் தலை பின்னுன மாதிரி. உனக்குக் கிறுக்குப் புடிச்சுருச்சுன்னு நெனச்சேன். அதுக்கும் சேத்துத்தான் வேண்டிக்கிட்டேன்."

முதலில் யார் சிரித்தது என்று இப்போது நினைவில்லை. சொம்பு கையிலிருந்து நழுவிப் படியெல்லாம் உருண்டு கீழே போயிற்று. அதைக் கேட்டு இன்னொரு தடவை சிரித்தோம்.

கீழே இறங்கும் முன் ஒப்பந்தம் போட்டோம். எண்ணெய்க் கதை அவர் சொல்லக் கூடாது, பால் கதை நான் சொல்லக் கூடாது. நாட்குறிப்பு கணக்கில் வராது.

செப்டம்பர் 6, வெள்ளி

நர்சரிக்குப் போன் போட்டு, "இன்னொரு அம்மா தெனமும் தண்ணி ஊத்திட்டாங்களாம்" என்றேன். ஆரோக்கியசாமி பெருமூச்சு விட்டுவிட்டு வைத்தியம் சொன்னார். தொண்ணூறையும் தொட்டியிலிருந்து பிடுங்கி, சேற்றை உதறி, கறுத்த வேரைக் கத்தரித்து, நிழலில் வெறும் செடியாக மூன்று நாள் காய வைக்க வேண்டும். பிறகு தண்ணீர் நிற்காத மண்ணில் நட வேண்டும்: ஆற்று மணல், பொடித்த செங்கல், கொஞ்சம் கரித்தூள், கொஞ்சமே கொஞ்சம் உரமண். நட்ட பிறகும் ஒரு வாரம் தண்ணீர் காட்டக் கூடாது.

நான் பிடுங்கினேன். நங்கையா ஸ்டூலில் உட்கார்ந்து சுத்தியலால் செங்கல் பொடித்தார். ஒவ்வொரு செங்கல்லுக்கும் ஒரு சொந்தக்காரர் பெயர் சொல்லிக்கொண்டு அடித்தார். சம்பந்தியம்மா பெயருக்கு மூன்று அடி. அப்படிப் பொடியான செங்கல்லை நான் பார்த்ததே இல்லை. பகல் சாப்பாட்டுக்குள் அந்தக் குடும்பத்தைப் பற்றித் தெரியாததெல்லாம் தெரிந்துகொண்டேன். இங்கே எழுதினால் ஒரு நோட்டு போதாது.

இருபத்திரண்டு செடிக்குத் தண்டு வரை அழுகிவிட்டது. அவற்றை நான் பார்க்காத நேரத்தில் அவரே முந்தானையில் அள்ளிக்கொண்டுபோய்க் கீழே கறிவேப்பிலை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்தார். மீதி இருநூற்றைம்பத்தெட்டு.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. தீர்த்தம் இனிமேல் கறிவேப்பிலை மரத்துக்கு. அது புளித்த மோரையே குடிக்கிற சாதி, பாலுக்கா பயப்படப் போகிறது?

செப்டம்பர் 8, ஞாயிறு

தீர்ப்பு நாள்.

நங்கையா அபிநயாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். நேற்றிரவே அவளை வர வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், மறந்துவிட்டாராம். அபிநயா மாடியில் கால் வைத்தாள். செய்தித்தாளின் மேல் அறுபத்தெட்டு செடி வேரை நீட்டிக்கொண்டு மல்லாந்து கிடந்தன. ஓரத்தில் அறுபது செடி முடி இறக்கினது போலச் சிறுத்துக் கிடந்தன.

"அத்தை... என்னாச்சு அத்தை?"

நான் வாயைத் திறப்பதற்குள் நங்கையா முந்திக்கொண்டார். "காத்தாட வெக்கறது கண்ணு. இப்பத்த மொறை. வேருக்கும் மூச்சு வேணுமில்ல?"

"இந்தச் செடி ஏன் இத்தனை சின்னதாப் போச்சு?"

"வெளியெலைய எடுத்தாத்தான் குருத்து கெட்டியா வரும். உனக்கு மொட்டை போட்டப்பறந்தானே முடி அடர்த்தியா வந்துச்சு."

அபிநயா ஒரு செடியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. "இன்னும் ஒரு வாரந்தான் இருக்கு. எனக்குப் பயமா இருக்குது அத்தை. நான்தான் அடம் புடிச்சேன். வேண்டாம்மா, சம்புடத்துக்கே சொல்லிரலாம்."

நான் தொலைந்தேன் என்று நினைத்தேன். சோப்பு, பொடி, கேக், நாய், செடி எல்லாம் வரிசையாகக் கண் முன்னால் ஓடின. மூன்று வாரம் முன்பு இந்தப் பேச்சுக்காகவே காத்திருந்தவர் நங்கையா. இப்போது பொடித்த செங்கல் ஒட்டிய கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நின்றார்.

"கம்முனு இரு. சம்புடம் எவளுக்கு ஓணும்? ஊரு பூரா மூடியத் தேடிட்டுத் திரியறாங்க. செடிதான். உங்கத்தை சொன்னா சொன்னதுதான்."

அபிநயா அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் அம்மாவைப் பார்த்தாள். "உங்க ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

நாங்கள் இருவரும் வானத்தைப் பார்த்தோம். மேகம் இருந்தது.

செப்டம்பர் 9, திங்கள்

அறுபத்தெட்டையும் புது மண்ணில் நட்டாயிற்று. வெட்டின வேர் காய்ந்து கெட்டியாகியிருக்கிறது. நட்டு முடித்ததும் நங்கையா தண்ணீர்ச் சொம்பைத் தேடினார். நான் ஒரு பார்வை பார்த்தேன். "எனக்குக் குடிக்கத்தான்" என்றார்.

செப்டம்பர் 11, புதன்

காலையில் மாடியிலிருந்து அலறல். "அம்மிணி! செவந்து போச்சு! அத்தனையும் செவந்து போச்சு!"

ஓடினேன். இலை நுனிகளிலெல்லாம் இளஞ்சிவப்பு, வெற்றிலை போட்ட உதடு மாதிரி. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார் நங்கையா.

"இதும் ஒரு சீக்கா?"

"அழுத்திப் பாருங்க. கல்லாட்டக் கெட்டியா இருக்குதா?"

"இருக்குது."

"மேல வெள்ளை மெழுகு இருக்குதா? துடைக்காமப் பாருங்க."

"இருக்குது."

"எலை உதுருதா?"

"உதுரலை."

"அப்ப இது நோவு இல்லைங்க நங்கையா. தாகமும் வெயிலும் காலைக் குளிரும் அளவாக் கெடைச்சா இதுக்கு இப்பிடித்தான் கலர் ஏறும். அழுகுனா மஞ்சளாகிக் கண்ணாடியாட்ட ஆகும். தீஞ்சா பழுப்புத் திட்டு உழும். கிழடானா அப்பளமாட்டக் காயும். சந்தோசமா இருந்தா இப்பிடிச் செவக்கும்."

சொல்லி முடித்ததும்தான் கவனித்தேன், நான் யாரையும் கேட்காமல், செல்போனைப் பார்க்காமல், கடகடவென்று சொல்லியிருக்கிறேன். நங்கையா வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். இப்படி ஒரு காட்சியை எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை.

ஒரு செடியை எடுத்துக்கொண்டு ஆரோக்கியசாமியிடம் போனேன். செடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எனக்கே இந்தக் கலர் வந்ததில்லைங்க. அந்த ரெண்டு அம்மாவும் எப்படி இருக்காங்க?" என்றார்.

செப்டம்பர் 13, வெள்ளி

ஒவ்வொரு தொட்டியிலும் குச்சியில் ஓர் அட்டை குத்தினோம். வாசகம் என்னுடையது: "வெளிச்சத்தில் வையுங்கள். பத்து நாளைக்கு ஒருமுறை மண்ணுக்கு மட்டும் தண்ணீர். வெள்ளைப் பூச்சைத் துடைக்காதீர்கள். வேறெதுவும் ஊற்றாதீர்கள், எதுவும் தடவாதீர்கள்."

"வேறெதுவும்னா என்ன அத்தை? யாரு வேற எதை ஊத்தப் போறாங்க?" என்று கேட்டாள் அபிநயா.

நங்கையாவுக்கு அவசரமாகக் கடைக்குப் போக வேண்டியிருந்தது. எனக்கு அடுப்பில் பால் இருந்தது.

செப்டம்பர் 16, திங்கள்

நேற்றுக் கல்யாணம். எழுத நேற்று கையில் தெம்பில்லை. இன்று முழுசாக எழுதுகிறேன்.

மண்டப வாசலில் மூன்று மேசை. இருநூற்றைம்பத்தெட்டு செடி, ஒவ்வொன்றும் கன்னம் சிவந்து நின்றது. சாப்பிட்டுவிட்டு வெளியே வந்த சனம் மேசை முன்னால் வரிசையில் நின்றது, நான் சோப்பு விற்ற காலத்தில் என் கனவில் மட்டும் நின்ற வரிசை. "இது நெசமா, பிளாஸ்டிக்கா?" என்று ஒருவர் கிள்ளப் போனார், கையைத் தட்டிவிட்டேன். ஒரு பெரியம்மா பைக்குள் ஒன்று, சேலைக்குள் ஒன்று என்று இரண்டு கொண்டுபோனார். நடை மாறியதில் கண்டுபிடித்தேன், விட்டுவிட்டேன். சம்பந்தியம்மா வந்து ஒன்றைக் கையில் ஏந்தி, "எங்க சின்னவன் கல்யாணத்துக்கும் இதேதான் ஓணும். எப்பிடி வளத்தீங்க, சீக்கு எதும் வல்லியா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற நங்கையா, "ஒரு எலை வாடலைங்க" என்றார். கண் இமைக்கவில்லை. நான் அவரைவிட வேகமாகத் தலையாட்டினேன். ஒரு மணிக்குள் மூன்று மேசையும் காலி.

ஆனால் முக்கியமானது அதற்கும் முன்னால், முகூர்த்த நேரத்தில் நடந்தது. அதை நான் பார்க்கவில்லை. ஆறு மணிக்கே வந்து தொட்டி அடுக்கியதில் பசி தாங்காமல் முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டேன். பந்தி அறையில் ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. நான் இரண்டாவது ஜிலேபியில் இருந்தபோது மேடையில் சீர் வாசித்திருக்கிறார்கள். மைக் பிடித்தவர், வழக்கம் போல, "தாய்மாமன் தங்கவேலு சீர்! செடி இருநூத்தம்பது!" என்று சொல்லியிருக்கிறார். எங்கள் வழக்கத்தில் சீர் ஆம்பளை பெயரில்தான் வாசிப்பார்கள். நான் அறிந்து வேறு விதமாக வாசித்ததில்லை.

நங்கையா மணவறைப் பக்கத்திலிருந்து, முழங்கால் நோவோடு, எழுந்து போய் மைக்கைப் பிடுங்கியிருக்கிறார்.

"தங்கவேலு மோட்டாருதானுங்க கட்டுவான். இது கோதைமணி வளத்துனது. கோதைமணி சீருன்னு வாசிங்க."

மைக் பிடித்தவர் வாசித்தார். என் பெயரை, முழுப் பெயரை, நானூறு பேர் கேட்டார்கள். நான் மட்டும் ஜிலேபி கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதுவரை பதினொரு பேரைச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டேன். அபிநயா நடித்தே காட்டினாள். நாதஸ்வரக்காரர், தான் ஊதுவதை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். என் வீட்டுக்காரரைக் கேட்டதற்கு, "என்னமோ உன்ற பேரைச் சொன்னாங்க" என்றார். ஆனால் சொல்லும்போது தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். நேற்று முழுவதும் அதைக் கழற்றவேயில்லை.

பன்னிரண்டாவதாக நங்கையாவிடமே கேட்டேன்.

"ஆரு, நானா? மைக்குக் கரகரங்குதேன்னு தட்டிப் பாக்கப் போனேன். நீ வேற, எவளோ சொன்னான்னு நம்பிக்கிட்டு."

செப்டம்பர் 17, செவ்வாய்

வீடியோக்காரருக்குப் போன் செய்தேன். கல்யாண வீடியோ வர இரண்டு மாதம் ஆகும் என்றார்.

"எனக்குக் கல்யாணம் வேண்டாம் தம்பி. தாலி கட்டறதுகூட வேண்டாம். சீர் வாசிக்கறப்ப ஒரு அம்மா வந்து மைக்கப் புடுங்குவாங்க பாருங்க, அந்த எடத்த மட்டும் வெட்டி அனுப்புங்க."

பகலில் வந்துவிட்டது. ஒன்பது விநாடி. நங்கையாவைக் காப்பிக்குக் கூப்பிட்டு, டம்ளரைக் கையில் கொடுத்து, தப்பிக்க முடியாதபடி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, செல்போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

பார்த்தார். காப்பியைக் குடிக்காமல் பார்த்தார். ஒன்பது விநாடியும் முடிந்து திரை இருட்டாயிற்று. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்:

"சரியாக் கேக்கலை. இன்னொருக்காப் போடு."